பட்டறைகளுக்குத் தேவை ஒரு பொது வரைபடக் கூடம்

நடுத்தர, கனரகச் சரக்கு லாரிகளின் கேபினில் 2025 அக்டோபர் 1 முதல் குளிர்சாதன வசதி இருந்தே ஆக வேண்டும் என்று மத்திய அரசு 2023 டிசம்பரில் அறிவிக்கை வெளியிட்டது. கத்திரி வெயிலில், காலடியில் இன்ஜின் கொதிக்க, நாக்பூரைத் தாண்டி ஓட்டிப்போகும் ஓட்டுநருக்கு இது வெகுகாலம் தள்ளிப்போன நியாயம். அதை எதிர்த்து ஒரு வார்த்தையும் சொல்வதற்கில்லை. ஆனால், நாமக்கல்லில் இந்த அறிவிக்கைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. லாரிக்குக் கேபினும் பாடியும் கட்டுவது அந்த ஊரின் தொழில். குளிர்சாதனக் கருவி, அதற்கொரு சோதனை, சோதனைக்கொரு சான்று என்று வரும்போது, கேபின் பட்டறையை விட்டுவிட்டுத் தொழிற்சாலைக்குள் போய்விடும். நாளாவட்டத்தில் பாடியும் அதன் பின்னாலேயே போகக்கூடும்.

போவது நல்லதா கெட்டதா என்று வாதிடுவதற்கு முன்னால், என்ன போகிறது என்று பார்த்துவிட வேண்டும். அரை நூற்றாண்டாக நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரச் சமவெளி கைப்பழக்கமாக வைத்திருக்கும் ஒரு வடிவமைப்பு முறை போகிறது. உலகின் பெரிய நிறுவனங்கள் பெரும் பணத்தைக் கொட்டிக் கற்றுக்கொண்ட அதே முறை.

ஒரு லாரி பாடி எப்படி உருவாகிறது? தொழிற்சாலையிலிருந்து இன்ஜினும் சக்கரமும் முன்முகப்பும் கொண்ட சேஸ் மட்டும் வரும். மீதி எல்லாம் பட்டறையில். முட்டை ஏற்றும் வண்டிக்குக் காற்று உள்ளே ஓட வேண்டும், குலுக்கல் குறைய வேண்டும். கோழித்தீவனத்துக்கு மழைத்துளி இறங்காத மூடல் வேண்டும். இரும்புச் சுருள் ஏற்றுபவருக்கு எடை முழுவதும் ஓரிடத்தில் உட்காரும். அங்கே குறுக்குச் சட்டம் நெருக்கமாக வர வேண்டும். உரிமையாளர் இதைச் சொல்லச் சொல்ல, வெல்டரும் தச்சரும் டிங்கரும் ஒயரிங்காரரும் குஷன்காரரும் ஏறக்குறைய ஒரே நாட்களில் ஒரே வண்டியைச் சுற்றி நிற்பார்கள். அந்த வண்டியை ஓட்டப்போகும் டிரைவரும் நடுவில் வந்து, "அண்ணா, ஏறுற படி இன்னும் ரெண்டு இஞ்ச் கீழ இருந்தா நல்லாருக்குங்க" என்பார். படி அன்று மாலையே இறங்கிவிடும். யாரும் இதை வடிவமைப்பு என்று சொல்வதில்லை. வேலை என்றுதான் சொல்கிறார்கள்.

இதற்குப் பொறியியல் உலகம் வைத்திருக்கும் பெயர் உடனிகழ் பொறியியல். 1988 டிசம்பரில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக ஐ.டி.ஏ. என்ற ஆய்வு நிறுவனம் ஓர் அறிக்கை தந்தது. ஆயுதங்களின் விலை ஏறிக்கொண்டே போவதற்கும், காலம் தவறுவதற்கும் காரணம் தேடிய அறிக்கை அது. அதுவரை ஒரு குழு வரைந்து முடித்து அடுத்த அறைக்குத் தள்ளும். தயாரிப்பவர் அதைப் பார்த்து, 'இதைச் செய்ய முடியாது' என்று திருப்பி அனுப்புவார். செய்து முடித்த பிறகு பழுதுபார்ப்பவர், 'இந்த நட்டுக்கு ஸ்பேனரே போகாது' என்பார். வரைபவர், செய்பவர், ஓட்டுபவர், பழுதுபார்ப்பவர் எல்லோரும் தொடக்கத்திலிருந்தே ஒன்றாக உட்கார வேண்டும் என்பதுதான் அந்த அறிக்கையின் சாரம். அதே ஆண்டில் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்பா, மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தை மையமாக வைத்து ஒரு திட்டத்தைத் தொடங்கியது. வெவ்வேறு ஊர்களில் இருக்கும் பொறியாளர்கள் ஒரே அறையில் இருப்பதுபோல் கணினி வழியே சேர்ந்து வடிவமைக்க வழி காண்பது அதன் நோக்கம்.

போயிங் 777 விமானம் இந்த முறைக்குக் கிடைத்த பெரிய வெற்றி. 238 குழுக்கள், ஒவ்வொன்றிலும் வரைபவரும் செய்பவரும் கலந்திருந்தார்கள். விமானத்தை வாங்கப்போகும் எட்டு விமான நிறுவனங்களின் ஆட்களையும் தொடக்கத்திலேயே கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதைக் கணினித் திரையிலேயே பார்த்தார்கள். 1994 ஜூன் 12 அன்று அது பறந்தது. வாங்குபவரைப் பட்டறைக்குள் விடுவதற்குப் போயிங்குக்கு அத்தனை காலம் ஆயிற்று. நாமக்கல்லில் உரிமையாளரைப் பட்டறைக்கு வெளியே நிறுத்தத்தான் யாராலும் முடிந்ததில்லை!

இந்தச் சமவெளியில் உடனிகழ் முறையின் முழு வீச்சைப் பார்க்க வேண்டுமானால் திருச்செங்கோட்டுக்குப் போக வேண்டும். இந்தியாவில் எந்த மாநிலத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டாலும், அந்தப் போர் வண்டி திருச்செங்கோட்டிலிருந்து வந்திருக்கும் வாய்ப்பு அதிகம். கர்நாடகம், ஆந்திரம், மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று பரவி, ஆப்பிரிக்க நாடுகள்வரை இந்த வண்டிகள் போயிருக்கின்றன. சேலம், நாமக்கல் மாவட்டங்களின் தரைக்கு அடியில் இருப்பது சார்னோகைட், நைஸ் போன்ற கடும்பாறை. தண்ணீர் பாறை வெடிப்புகளில்தான் கிடைக்கும். 1967 பிகார் வறட்சியின்போது யுனிசெஃப் விமானத்தில் கொண்டுவந்து இறக்கிய பிறகுதான், குழிக்கு உள்ளேயே காற்றழுத்தத்தால் சுத்தி அடித்துப் பாறையைப் பொடியாக்கும் இயந்திரங்கள் இந்தியாவில் பரவலாகத் தெரியவந்தன. அந்தத் தொழில்நுட்பத்தை லாரியின் முதுகில் ஏற்றி, நம் பாறைக்கும் நம் கடனுக்கும் ஏற்றபடி மாற்றிய இடங்களில் திருச்செங்கோடு முதன்மையானது.

போர் வண்டியில் ஒன்றை மாற்றினால் எல்லாம் மாறும். ஒரு காலத்தில் இருநூறு அடியில் தண்ணீர் வந்தது. இன்று கொங்குப் பகுதியில் ஆயிரம் அடியைத் தாண்டிப் போகிறார்கள். ஆயிரம் அடி என்றால் சுமார் 305 மீட்டர். குழிக்குள் நிற்கும் தண்ணீர் ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் கொடுக்கும். இருநூறு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், அதைத் தள்ளி மேலே வரவே காற்றுக்கு 20 பார் வேண்டும். அதாவது போர் வண்டிக்காரர்கள் வாயில் புழங்கும் '300 பிஎஸ்ஐ'. அழுத்தத்தில் காற்று சுருங்கிவிடும். சுருங்கிய காற்றுக்கும் கல்தூளைத் தூக்கிவரும் வேகம் இருக்க வேண்டும் என்றால், காற்றின் அளவும் கூட வேண்டும். ஆகவே நிமிடத்துக்கு 1,100 கன அடி தரும் கம்ப்ரசர். அதை ஓட்ட நூற்றுக்கணக்கான குதிரைத்திறனில் ஓர் இன்ஜின். அந்த எடைக்கு வேறு சேஸ், வேறு அச்சு. இருபது அடி ராடு ஐம்பதைக் கோத்துத் தொங்கவிட்டுத் திரும்ப இழுக்க வேண்டுமானால் ராடுகளைத் தாங்கும் மாஸ்ட் பலப்பட வேண்டும், ஹைட்ராலிக் சிலிண்டர் பெரிதாக வேண்டும், ஆயில் சூட்டைத் தணிக்கும் கூலரும் பெரிதாக வேண்டும். இத்தனைக்குப் பிறகும் வண்டி வரப்பு மேட்டில் ஏறிக் கரும்புக் காட்டுக்குள் திரும்ப வேண்டும்.

இந்தச் சங்கிலியின் கண்ணிகள் எல்லாம் வேறு வேறு கைகளில் இருக்கின்றன. சேஸ் ஒரு பெரிய நிறுவனத்தினுடையது. கம்ப்ரசர் கோயம்புத்தூரின் எல்ஜியாகவோ வெளிநாட்டு நிறுவனமாகவோ இருக்கும். சுத்தியும் பிட்டும் வேறொருவர். மாஸ்ட்டும் ராடு மாற்றும் அமைப்பும் உள்ளூர்ப் பட்டறை. ஹைட்ராலிக் குழாய்க்கு ஒரு கடை, கடைசலுக்கு ஒரு லேத். ரிக் எனப்படும் போர் வண்டியின் உரிமையாளர் ஆறு மாதம் வெளிமாநிலத்தில் ஓட்டிவிட்டுத் திரும்பும்போது, எங்கே வெல்டு விட்டது, எந்த பேரிங் தாங்கவில்லை, எந்த ஓஸ் பாறையில் உரசிக் கிழிந்தது என்ற பட்டியல் அவரோடு வருகிறது. அடுத்து கட்டப்படும் வண்டியில் அந்தப் பட்டியல் இரும்பாக மாறிவிடும். கம்ப்ரசர் நிறுவனத்தின் சர்வீஸ் ஆள் அதே டீக்கடையில் அதைக் கேட்டுக்கொண்டு, தன் தொழிற்சாலைக்குச் சொல்வார். வடிவமைப்பு, தயாரிப்பு, பயன்பாடு, பழுது நான்கும் சில கிலோமீட்டர் சுற்றளவுக்குள் ஒரே வேளையில் நடக்கின்றன.

சீனத்தின் சோங்சிங் நகரில் மோட்டார் சைக்கிள் செய்பவர்கள் இதே பாதையில்தான் வளர்ந்தார்கள். வண்டியின் தலைமை நிறுவனம் உத்தேச அளவுகளை மட்டும் கொடுக்கும். பிரேக் செய்பவரும் இன்ஜின் செய்பவரும் சட்டம் செய்பவரும் தேநீர்க் கடைகளில் கூடிப் பேசி, யார் பாகம் யாரோடு எப்படிப் பொருந்தும் என்பதைத் தங்களுக்குள் முடித்துக்கொண்டார்கள். அவர்கள் விலை உலகச் சந்தையையே உலுக்கியது. நிர்வாகவியல் வல்லுநர்கள் அதைப் பற்றிப் புத்தகம் எழுதினார்கள். திருச்செங்கோட்டு டீக்கடைக்கு அப்படி யாரும் வரவில்லை.

இவ்வளவு புகழ்ந்தபின் குறையையும் சொல்ல வேண்டும். அது சின்னக் குறை இல்லை. பட்டறையில் வரைபடம் கிடையாது. இருந்தாலும் பழைய சேஸுக்கானதாக இருக்கும். தரையில் சாக்பீஸ் கோடு, சுவரில் தொங்கும் தகர டெம்ப்ளேட், மேஸ்திரியின் தலைக்குள் இருக்கும் கணக்கு, இவைதான் ஆவணம். எந்த வண்டியில் எந்தத் தடிமன் தகடு போட்டோம், எது உடைந்தது, எதை மாற்றினோம் என்பதற்குப் பதிவு இல்லை. மேஸ்திரி வேறு பட்டறைக்குப் போனால் கணக்கும் அவரோடு போகிறது. மூன்று அச்சு லாரியின் மொத்த எடை வரம்பை 2018 ஜூலையில் மத்திய அரசு 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்த்தியது. கூடுதல் மூன்றரை டன்னைப் பழைய அளவுச் சட்டம் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதைக் காகிதத்தில் கணக்கிட்ட பட்டறைகள் எத்தனை இருக்கும்? பெரும்பாலானவர்கள் கண்மட்டத்தில் தடிமனைக் கூட்டியிருப்பார்கள். கண்மட்டம் பெரும்பாலும் சரியாக இருக்கும். பிசகும்போது அதற்கு விலை கொடுப்பவர் டிரைவர்.

மரச்சட்டத்தில் தகடு அடித்த பழைய கேபின்கள் மோதலில் என்ன ஆயின என்பதை நெடுஞ்சாலையில் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதனால்தான் ஏஐஎஸ்-029 என்ற தரம் வந்தது. கேபின் முகப்பில் பெரிய எடையை ஊசலாட்டி மோதவிட்டு, கூரையை அழுத்தி, பின்சுவரைத் தள்ளி, உள்ளே இருப்பவர் உயிர் பிழைக்கும் இடம் மிஞ்சுகிறதா என்று அது பார்க்கிறது. லாரி கேபின், பாடி, டிரெய்லர் கட்டுமானத்துக்கு ஏஐஎஸ்-093 இருக்கிறது. இந்த விதிகளைப் பட்டறைகளின் எதிரி என்று பேசுவது தவறு. இவை கேட்பது மூன்றே மூன்று: வரைந்து காட்டு, சோதித்துக் காட்டு, ஒவ்வொரு முறையும் அதையேதான் செய்கிறாய் என்று நிரூபி. வண்டிக்கு வண்டி மாற்றிக்கொண்டே போவதில்தான் பட்டறையின் பலம் இருக்கிறது. மூன்றாவது கேள்வி அந்தப் பலத்தின் மீதே கை வைக்கிறது. ஐந்தாறு பேர் மட்டுமே வேலை செய்யும் பட்டறைகள் தனித்தனியாகப் போய்ச் சோதனைக்கூடத்தின் கட்டணத்தைக் கட்டி வாங்கக்கூடிய சான்றும் அல்ல இது.

வரைபடம் பொதுவாக இல்லாவிட்டால் பெரியவர்களும் சறுக்குவார்கள். ஏர்பஸ் ஏ380 விமானத்துக்கு ஒவ்வொன்றிலும் ஐநூறு கிலோமீட்டருக்கு மேல் மின்கம்பி. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் செய்த கம்பிக் கட்டுகள் பிரான்சின் துலூஸில் பொருத்தப்போனபோது நீளம் போதவில்லை. ஒரு நாட்டில் கேட்டியா மென்பொருளின் நான்காம் பதிப்பு, இன்னொரு நாட்டில் ஐந்தாம் பதிப்பு. ஓரிடத்தில் செய்த மாற்றம் மற்ற இடத்துக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. 2006-இல் வெளிவந்த இந்தக் குழப்பத்தால் விமானம் ஏறக்குறைய இரண்டு ஆண்டு தாமதமானது. போயிங்கும் 777-இல் கற்றதை 787-இல் கோட்டைவிட்டது. இறக்கை ஜப்பானில், உடற்பகுதி இத்தாலியில் என்று வடிவமைப்பையே பிரித்துக் கொடுத்துவிட்டு, கூட்டிச் சேர்க்கும் கண்காணிப்பைக் குறைத்துக்கொண்டது. 2008-இல் கொடுக்க வேண்டிய முதல் விமானம் 2011 செப்டம்பரில்தான் கைமாறியது. அவர்களிடம் காகிதம் இருந்தது, கூடிப் பேசும் பழக்கம் தளர்ந்திருந்தது. நம்மிடம் பேச்சு இருக்கிறது, காகிதம் இல்லை.

இரண்டும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஊர்ப் பொதுக்குழாயாக நாம் அடித்துத் தண்ணீர் பிடித்த 'இந்தியா மார்க் 2' கைப்பம்பு. 1970-களில் யுனிசெஃப் போட்ட ஆழ்துளைக் கிணறுகளில் பொருத்திய வார்ப்பிரும்புப் பம்புகள் ஊருக்கு ஊர் உடைந்து கிடந்தன. மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் வட்டாரத்தில் உருவான ஒரு பம்பு மட்டும் தாக்குப்பிடித்தது. அதை அடிப்படையாக வைத்து, சென்னையில் இருந்த மெராடோ ஆய்வு நிறுவனமும், ரிச்சர்ட்சன் அண்டு குருடாஸ் தொழிற்சாலையும், யுனிசெஃபின் பொறியாளர்களும் சேர்ந்து புதிய பம்பை உருவாக்கினார்கள். மாதிரிப் பம்புகளைக் கோயம்புத்தூர் பக்கத்து ஆழக் கிணறுகளில் இறக்கி, நாள் முழுவதும் ஓயாமல் அடிக்கும் ஊர்க்காரர்களின் கையில் விட்டுப் பார்த்தார்கள். கண்டதைத் திருத்தி, 1979-இல் அதை ஐஎஸ் 9301 என்ற இந்தியத் தரமாக்கினார்கள். காப்புரிமை எடுக்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்யலாம், ஆனால் வரைபடத்தின்படி செய்து பரிசோதனையில் தேற வேண்டும். பல தயாரிப்பாளர்கள் வந்தார்கள், உதிரிபாகம் எல்லா ஊரிலும் கிடைத்தது, லட்சக்கணக்கான பம்புகள் இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் நின்றன. இத்தனைக்கும் அந்தப் பம்பு ஒரு சங்கிலி, ஒரு கைப்பிடி, இரண்டு பேரிங். அதன் வெற்றியை எழுதியது வரைபடம்தான்.

நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் வேண்டியது இதுவே. பட்டறைச் சங்கங்களே உரிமையாளராக இருக்கும் ஒரு பொது வரைபடக் கூடம். அதில் நான்கைந்து வடிவமைப்புப் பொறியாளர்கள், சுமைக் கணக்கு போடும் மென்பொருள், தகடு வெட்டும் இயந்திரத்துக்கு நேரடியாகக் கோப்பு அனுப்பும் வசதி. முட்டை வண்டி, தீவன வண்டி, சுருள் வண்டி, போர் வண்டியின் மாஸ்ட் என்று வகைக்கு ஒரு அடிப்படை வடிவம். எந்த அளவுகளை உரிமையாளர் விருப்பத்துக்கு மாற்றலாம், எவற்றைத் தொடவே கூடாது என்று அதிலேயே குறித்திருக்க வேண்டும். அப்படிக் குறித்துவிட்டால் டிரைவர் கேட்ட படியை இரண்டு அங்குலம் இறக்கலாம். குறுக்குச் சட்டத்தைக் குறைக்க முடியாது. அந்த வடிவத்துக்குச் சங்கத்தின் பெயரில் ஒரே ஒப்புதல் வாங்கி, உறுப்பினர் பட்டறைகள் அதன்படி கட்டலாம். அதற்கு விதியில் திருத்தம் தேவைப்பட்டால், அதைக் கேட்டு வாங்கும் வலிமை லாரி உரிமையாளர் சம்மேளனத்துக்கும் டேங்கர் சங்கத்துக்கும் உண்டு. வேலைநிறுத்தம் என்றால் தென்னிந்தியாவே நாமக்கல்லைத் திரும்பிப் பார்க்கிறதே!

இதற்கான கருவிகள் தொலைவில் இல்லை. வாகனச் சோதனைக்கு ஒரகடத்தில் மத்திய அரசின் ஆய்வு மையம் இருக்கிறது. சென்னை டைடல் பூங்காவில், தமிழக அரசின் டிட்கோ நிறுவனம் டசோ, சீமென்ஸ் நிறுவனங்களோடு சேர்ந்து அமைத்த டான்கேம், டான்சம் என்ற உற்பத்தித் தொழில்நுட்ப மையங்கள் இருக்கின்றன. போயிங் 777 பயன்படுத்திய கேட்டியா அந்த டசோவினுடையதுதான். சேலத்தில் 1966-இல் தொடங்கிய அரசுப் பொறியியல் கல்லூரியும், திருச்செங்கோட்டைச் சுற்றிலும் தனியார் கல்லூரிகளும் உண்டு. இறுதியாண்டு மாணவர்கள் இணையத்தில் எடுத்த புராஜெக்டை ஒப்பிப்பதற்குப் பதிலாக, ஒரு மாதம் மாஸ்ட்டின் கீழே டேப்போடு நிற்கலாம். 2019 ஜனவரியில் அறிமுகமான தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனையங்களில் சேலமும் ஒன்று. ராணுவத்துக்கு ஒரு தாங்கிச் சட்டம் விற்பதென்றாலும் எந்தத் தகடு, எந்த வெல்டர், எந்தப் பதிப்பு வரைபடம் என்று கேட்பார்கள். அந்தப் பழக்கம் இல்லாமல் முனையம் என்ற பெயர் மட்டும் இருந்து பயனில்லை.

'என் வடிவத்தைப் பக்கத்துப் பட்டறைக்காரனுக்கு ஏன் கொடுக்க வேண்டும்?' என்பதுதான் முதல் எதிர்ப்பாக வரும். நியாயமான கேள்விதான். ஆனால், இன்றும் ரகசியம் எதுவும் இல்லை. புதிதாக ஒன்று செய்தால், வண்டி ரோட்டுக்கு வந்த வாரமே அடுத்த பட்டறை அதை அளந்துவிடும். அளப்பவர் ஏன் அந்தத் தடிமன் என்று தெரியாமல் அளக்கிறார், அதுதான் ஆபத்து. போட்டி வேலையின் நேர்த்தியிலும் நேரத்திலும் விலையிலும் இருக்கட்டும். உயிர் காக்கும் அளவுகள் பொதுவில் இருக்கட்டும்.

கேபின் தொழிற்சாலைக்குப் போய்விடும் என்பது என் கணிப்பு. அதைப் பிடித்து நிறுத்த முயல்வதில் சங்கங்கள் நேரத்தை வீணாக்கக் கூடாது. மோதல் சோதனையும் குளிர்சாதனமும் சேர்ந்த கேபின் ஆயிரக்கணக்கில் அச்சடித்தாற்போல் செய்ய வேண்டிய பொருள். அங்கே தொழிற்சாலைதான் ஜெயிக்கும். ஆனால், சரக்குக்குச் சரக்கு மாறும் பாடியும், பாறைக்குப் பாறை மாறும் ரிக்கும் அப்படி அல்ல. அவற்றில் எண்ணிக்கை குறைவு, மாற்றம் அதிகம். பெரிய நிறுவனத்துக்கு அது கட்டுப்படியாகாது. அந்தக் களம் பட்டறைகளுடையது. வரைபடம் கையில் இருந்தால் இன்னும் முப்பது ஆண்டுக்கு அவர்களுடையதாகவே இருக்கும்.

தமிழக அரசின் சிறு, குறு தொழில் துறையும் நாமக்கல், திருச்செங்கோடு பட்டறைச் சங்கங்களும் வரும் நிதியாண்டிலேயே ஒன்றைத் தொடங்க வேண்டும். ஒரு முட்டை வண்டியின் பாடியையும், ஒரு ஆயிரம் அடி ரிக்கின் மாஸ்ட்டையும் முழுமையாக அளந்து வரைந்து, ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் அதற்கான காரணத்தையும் எழுதிவைக்க வேண்டும். காரணம் தெரிந்த மூத்த மேஸ்திரிகள் இன்னும் பட்டறைக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நாள்கூலி கொடுத்து உட்காரவைத்துக் கேட்டு எழுதும் வேலைக்குப் பெரிய திட்ட அறிக்கை எதுவும் தேவையில்லை.